மருந்து இலவசம், காய்ச்சலுக்கு விலை உண்டு: ஏழைக் கிராமக் குடும்பங்களிடம் மலேரியா பறிப்பது என்ன?

புதுதில்லி: மலேரியாவுக்கான இரத்தப் பரிசோதனையும் மருந்தும் நாடு முழுவதும் அரசு சுகாதார நிலையங்களில் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன. நோய் மிகுந்த பகுதிகளில் ஆஷா பணியாளர்கள் வீட்டு வாசலிலேயே விரலில் ஒரு துளி இரத்தம் எடுத்து, அரை மணி நேரத்துக்குள் முடிவைச் சொல்லி, மாத்திரையும் தருகின்றனர். இருப்பினும், ஒடிசா, சத்தீஸ்கர், ஜார்க்கண்ட் போன்ற மாநிலங்களின் காட்டோரக் கிராமங்களில், ஒரே ஒரு மலேரியாக் காய்ச்சல் ஓர் ஏழைக் குடும்பத்தைக் கடனில் தள்ளிவிடக்கூடும். மாத்திரைக்கு விலை இல்லை என்றால் அந்தக் கடன் எதற்காக வாங்கப்படுகிறது? இக்கேள்விக்கான விடை, 2030-க்குள் மலேரியாவை ஒழிப்பது என்ற இந்தியாவின் இலக்குடனும் நெருங்கிய தொடர்புடையது.

குறைந்துவரும் எண்ணிக்கை

இந்தியாவில் மலேரியா பெருமளவு குறைந்துள்ளது என்பதில் ஐயமில்லை. மத்திய சுகாதார அமைச்சகத்தின் தகவலின்படி, 2015-ஆம் ஆண்டில் 11.69 லட்சமாக இருந்த பதிவான பாதிப்புகள் 2023-ஆம் ஆண்டில் 2.27 லட்சமாகக் குறைந்தன. இதே காலத்தில் பதிவான உயிரிழப்புகள் 384-இலிருந்து 83 ஆகக் குறைந்தன. மலேரியாச் சுமை மிகுந்த நாடுகளுக்கான உலக சுகாதார அமைப்பின் பட்டியலிலிருந்து 2024-ஆம் ஆண்டில் இந்தியா வெளியேறியது.

எனினும், பதிவான எண்ணிக்கைக்கும் மதிப்பீட்டுக்கும் இடையே பெரிய இடைவெளி உள்ளது. 2023-ஆம் ஆண்டில் இந்தியாவில் சுமார் 20 லட்சம் பேருக்கு மலேரியா ஏற்பட்டிருக்கும் என்றும், சுமார் 3,500 பேர் உயிரிழந்திருக்கக்கூடும் என்றும் உலக சுகாதார அமைப்பு மதிப்பிட்டுள்ளது. பரிசோதனைக்கே வராதவர்கள், தனியாரிடம் சிகிச்சை பெற்றவர்கள், காய்ச்சல் மாத்திரையை மட்டும் வாங்கி விழுங்கியவர்கள் ஆகியோர் அரசுப் பதிவேட்டில் இடம்பெறுவதில்லை. இலவச மருந்து சென்று சேராதவர்களும், அதனால் கூடுதலாகச் செலவு செய்பவர்களும் பெரும்பாலும் இவர்களே.

நோயின் சுமை நாடு முழுவதும் சமமாகப் பரவியிருக்கவும் இல்லை. மக்கள் தொகையில் பழங்குடியினரின் பங்கு 8.6 சதவீதம் மட்டுமே. ஆனால், மலேரியா பாதிப்புகளில் சுமார் 30 சதவீதமும், உயிரிழப்புகளில் ஏறத்தாழ பாதியும் அவர்களிடையே நிகழ்வதாக, மருத்துவர் அபய் பங் தலைமையிலான பழங்குடியினர் நலவாழ்வு வல்லுநர் குழு 2018-ஆம் ஆண்டு அறிக்கையில் சுட்டிக்காட்டியது. அதாவது, நாட்டிலேயே வருவாய் குறைந்த, சேமிப்பு இல்லாத வீடுகளில்தான் இந்நோய் அதிகம் தங்கியுள்ளது.

செலவு எங்கே ஏற்படுகிறது?

நோயினால் ஏற்படும் பொருளாதாரச் சுமையை வல்லுநர்கள் இரண்டாகப் பிரிக்கின்றனர். மருத்துவர் கட்டணம், மருந்து, பரிசோதனை, மருத்துவமனைக்குச் செல்லும் வண்டிச் செலவு, அங்குத் தங்கும் நாள்களில் உணவுக்கான செலவு ஆகியவை நேரடிச் செலவுகள். நோயாளியும் அவரைக் கவனித்துக்கொள்பவரும் வேலைக்குச் செல்ல முடியாமல் இழக்கும் வருமானம் மறைமுகச் செலவு.

இவ்விரண்டில் எது பெரியது என்பதைப் பொருளாதார ஆய்வாளர்கள் இந்திராணி குப்தா, சமிக் சௌத்ரி ஆகியோர் 2014-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் கணக்கிட்டனர். மலேரியாவால் இந்தியாவுக்கு ஏற்படும் மொத்தப் பொருளாதாரச் சுமை சுமார் 194 கோடி அமெரிக்க டாலராக இருக்கலாம் என்று அவர்கள் மதிப்பிட்டனர். அதில் 75 சதவீதம் இழந்த வருமானம். சிகிச்சைச் செலவின் பங்கு 24 சதவீதம் மட்டுமே.

இந்த விகிதம் கவனத்துக்குரியது. மருந்தையும் பரிசோதனையையும் முழுமையாக இலவசமாக்கினாலும், சுமையின் பெரும்பகுதியான வேலை இழப்பு அப்படியே எஞ்சிவிடுகிறது. மாத ஊதியம் பெறுபவருக்கு நோய்க்கால விடுப்பு உண்டு. நாட்கூலி பெறுபவருக்குப் படுத்த நாள் ஒவ்வொன்றும் வருமானம் இல்லாத நாள்.

ஓர் எளிய கணக்கு

மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதித் திட்டத்தின் கீழ் 2025-26-ஆம் நிதியாண்டில் ஒடிசாவுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி 273 ரூபாய். இதை அளவுகோலாக வைத்து ஓர் எடுத்துக்காட்டுக் கணக்குப் போடலாம். காய்ச்சலால் ஒருவர் 7 நாள்கள் வேலைக்குச் செல்லவில்லை என்றும், அவரைக் கவனிக்க வீட்டிலுள்ள மற்றொருவர் 3 நாள்கள் வேலையை விட்டார் என்றும் கொண்டால், குடும்பம் இழப்பது 10 நாள் கூலி, அதாவது 2,730 ரூபாய். இதில் மருந்துக்கான செலவு எதுவும் சேர்க்கப்படவில்லை.

இந்தத் தொகை யாருக்கு எவ்வளவு பெரியது என்பதை மத்திய அரசின் வீட்டு நுகர்வுச் செலவினக் கணக்கெடுப்பு உணர்த்துகிறது. 2023-24-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, ஊரகப் பகுதிகளில் அடிநிலையிலுள்ள 5 சதவீத மக்களின் சராசரி மாதச் செலவு தலைக்கு 1,677 ரூபாய். உணவு, உடை, எரிபொருள் என அனைத்தும் இதற்குள் அடங்கும். ஆக, எளிய மலேரியாக் காய்ச்சல் ஒன்றால் இழக்கப்படும் கூலி, அத்தகைய வீட்டில் ஒருவரின் ஒன்றரை மாதச் செலவையும் விஞ்சிவிடுகிறது. மழைக்காலத்தில் ஒரே வீட்டில் இருவர் மூவர் அடுத்தடுத்துப் படுத்துவிட்டால் கணக்கு மேலும் கூடும்.

வேலை மிகும் பருவத்தில் வரும் நோய்

இழப்பைப் பெரிதாக்கும் மற்றொரு காரணம் பருவம். மத்திய, கிழக்கு இந்தியாவில் பருவமழை தொடங்கியதும் மலேரியா பரவல் அதிகரித்து, மழைக்குப் பிந்தைய மாதங்கள் வரை நீடிக்கிறது. சமவெளிக் கிராமங்களில் அனாபிலிஸ் குலிசிபேசிஸ் என்ற கொசு வகையும், மலையடிவாரங்களில் ஓடை நீரில் பெருகும் அனாபிலிஸ் புளூவியாடிலிஸ் வகையும் நோயைப் பரப்புகின்றன.

அப்பகுதி உழவர்களுக்கு இதே காலம்தான் ஆண்டின் உயிர்நாடி. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நாற்று நடவும் களையெடுப்பும் நடைபெறுகின்றன. நவம்பர், டிசம்பரில் அறுவடை தொடங்குகிறது. நடவு வாரத்தில் வீட்டின் உழைப்பாளி படுத்துவிட்டால், நடவைத் தள்ளிப்போட வேண்டும் அல்லது கூலிக்கு ஆள் அமர்த்த வேண்டும். முன்னதைச் செய்தால் விளைச்சல் குறையும். பின்னதைச் செய்தால் கையிலிருக்கும் பணம் கரையும். பழைய நெல் தீர்ந்து, புது நெல் வீடு வந்து சேராத மாதங்களும் இவையே என்பதால், பல வீடுகளில் கையிருப்பு எதுவும் இருப்பதில்லை.

முதல் மாத்திரைக்கு முன்பே தொடங்கும் செலவு

இலவசச் சிகிச்சை இருந்தும் மக்கள் ஏன் பணம் செலவழிக்கின்றனர் என்பதற்குத் தொலைவு முதன்மையான காரணம். மலை, பழங்குடிப் பகுதிகளில் 3,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையமும் 20,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையமும் இருக்க வேண்டும் என்பது அரசு விதிமுறை. குடியிருப்புகள் சிதறிக் கிடக்கும் காட்டுப் பகுதிகளில், விதிப்படி நிலையங்கள் அமைந்திருந்தாலும், காய்ச்சல்காரர் ஒருவர் மழைநாளில் ஓடைகளைக் கடந்து அங்கு செல்வது எளிதன்று.

ஆகவே, குடும்பங்கள் முதலில் அருகில் கிடைப்பதை நாடுகின்றன. ஊர் மருந்துக் கடையில் காய்ச்சல் மாத்திரை, பின்னர் முறையான மருத்துவப் பட்டம் இல்லாதவரிடம் ஊசி அல்லது குளுக்கோஸ், அதன் பின்னர் பூசாரியிடம் மந்திரிப்பு எனச் சில நாள்கள் கழிகின்றன. ஒவ்வொரு படியிலும் சிறு தொகை செலவாகிறது. ஆனால் நோய்க்கிருமி உடலில் இருந்துகொண்டே இருக்கிறது.

இந்தத் தாமதமே நோயின் விலையைத் தீர்மானிக்கிறது. பால்சிபேரம் வகை மலேரியா உரிய சிகிச்சை இல்லாவிடில் மிகக் குறுகிய காலத்தில் மூளை, சிறுநீரகம் ஆகியவற்றைத் தாக்கும் கடும் நோயாக மாறக்கூடும். காய்ச்சல் தொடங்கிய 24 மணி நேரத்துக்குள் பரிசோதனையும் சிகிச்சையும் தொடங்க வேண்டும் என்று சுகாதாரத் துறையினர் வலியுறுத்துவது இதனால்தான். முதல் நாளே கண்டறியப்பட்டால் 3 நாள் மாத்திரையில் முடியக்கூடிய நோய், ஐந்தாம் நாளில் மருத்துவமனைப் படுக்கையில் போய் நிற்கக்கூடும்.

வைவாக்ஸ் வகையில் சிக்கல் வேறு. அதன் கிருமி கல்லீரலில் மறைந்திருந்து, வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்து மீண்டும் காய்ச்சலை உண்டாக்கும். அதைத் தடுக்க 14 நாள்கள் பிரைமாகுயின் மாத்திரை உட்கொள்ள வேண்டும். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுவிடுவதால், பலர் வேலைக்குத் திரும்பி மாத்திரையை நிறுத்திவிடுகின்றனர். மீண்டும் வரும் காய்ச்சல் மீண்டும் கூலி இழப்பைக் கொண்டுவருகிறது.

மருத்துவமனையும் கடனும்

நோய் முற்றி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால் செலவு பன்மடங்காகிறது. தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 75-ஆவது சுற்றின்படி, 2017-18-ஆம் ஆண்டில் ஊரக மக்கள் ஒருமுறை மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெற ஆன சராசரி மருத்துவச் செலவு, அரசு மருத்துவமனைகளில் 4,290 ரூபாயாகவும், தனியார் மருத்துவமனைகளில் 27,347 ரூபாயாகவும் இருந்தது. இவை எல்லா நோய்களுக்குமான பொதுச் சராசரி என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும். இருந்தாலும், கட்டணமில்லாச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனைக்குச் செல்வதிலும் குடும்பத்தின் பணம் கரைகிறது என்பதை இவ்வெண்கள் தெளிவாக்குகின்றன.

அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? அதே கணக்கெடுப்பில், மருத்துவமனைச் செலவுக்கு முதன்மையாகக் கடனையே நம்பியதாக ஊரகக் குடும்பங்களில் சுமார் 13 சதவீதம் தெரிவித்தன. ஏழை வீடுகளில் முதலில் விற்கப்படுபவை கோழியும் ஆடும். அடுத்து உழவு மாடு, அடகுக்குச் செல்லும் நகை, விளையப்போகும் நெல்லின் மீது வட்டிக்காரரிடம் வாங்கும் முன்பணம். உழவு மாட்டை விற்ற குடும்பம் அடுத்த பருவத்தில் உழவுக்கு வாடகை கொடுக்க வேண்டியிருக்கும். காய்ச்சல் இரு வாரங்களில் தணிந்துவிட்டாலும் கடன் அடுத்த அறுவடை வரை தொடர்வது இவ்வாறுதான்.

மருத்துவமனைக்கே செல்லாதவர்களும் உள்ளனர். 2001 முதல் 2003 வரை நிகழ்ந்த இறப்புகளை ஆராய்ந்து, 2010-ஆம் ஆண்டில் லான்செட் இதழில் வெளியான ஆய்வு, மலேரியாவால் நேர்ந்ததாகக் கருதப்பட்ட இறப்புகளில் 90 சதவீதம் கிராமப்புறங்களிலும், 86 சதவீதம் எந்த மருத்துவ நிலையத்துக்கும் வெளியேயும் நிகழ்ந்ததாகக் கூறியது. அந்த ஆய்வின் மொத்த இறப்பு மதிப்பீட்டை உலக சுகாதார அமைப்பு அப்போது ஏற்கவில்லை. ஆனால், ஏழைகளின் மலேரியா இறப்புகள் பெரும்பாலும் அரசின் பார்வைக்கு வருவதில்லை என்ற உண்மையை அது விவாதத்துக்குக் கொண்டுவந்தது.

கணக்கில் வராத உழைப்பு

வீட்டில் யார் படுத்தாலும் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு பெரும்பாலும் பெண்களிடமே வருகிறது. தண்ணீர் சுமப்பது, விறகு பொறுக்குவது, பீடி இலையும் இலுப்பைப் பூவும் சேகரிப்பது எனப் பெண்களின் உழைப்பில் பெரும்பகுதிக்கு நாட்கூலி என்ற கணக்கு இல்லை. அதனால் அவர்கள் இழக்கும் நாள்கள் புள்ளிவிவரங்களில் குறைவாகவே தென்படுகின்றன. கருவுற்ற பெண்களுக்கு மலேரியா ஏற்பட்டால் இரத்தச்சோகை கூடுவதுடன், குழந்தை எடை குறைந்து பிறக்கும் அபாயமும் உள்ளது. மீண்டும் மீண்டும் காய்ச்சலுக்கு ஆளாகும் குழந்தைகள் பள்ளி நாள்களை இழக்கின்றனர்.

மலேரியா ஒழிந்தால் வருவாய் உயருமா என்பதற்கு இந்திய வரலாற்றிலேயே சான்று உண்டு. 1950-களில் நடைபெற்ற மலேரியா ஒழிப்புப் பணியால் பயன்பெற்ற பகுதிகளை டேவிட் கட்லர், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற மைக்கேல் கிரெமர் உள்ளிட்டோர் ஆராய்ந்து 2010-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். மலேரியா மிகுந்திருந்த பகுதிகளில், ஒழிப்புப் பணிக்குப் பின் பிறந்து வளர்ந்த ஆண்களின் குடும்ப நுகர்வு ஓரளவு உயர்ந்திருந்தது. கல்வியறிவில் அத்தகைய தெளிவான முன்னேற்றம் காணப்படவில்லை. நோய் நீங்கினால் வறுமை தானாக நீங்கிவிடாது என்பதையும், ஆனால் உழைப்பவரின் வருவாய் சற்றேனும் உயரும் என்பதையும் இம்முடிவு ஒருசேர உணர்த்துகிறது.

கொசு வலை வாங்கப் பணமில்லையா, மனமில்லையா?

தடுப்பு முறைகளை ஏழைகள் பயன்படுத்தாததற்கு விழிப்புணர்வின்மையே காரணம் என்று பொதுவாகக் கூறப்படுவதுண்டு. ஒடிசாவின் கிராமங்களில் பொருளாதார ஆய்வாளர் அலெசாண்ட்ரோ தரோசி தலைமையிலான குழு நடத்திய ஆய்வு இக்கருத்தைச் சோதித்தது. மருந்து தோய்த்த கொசு வலைகளைத் தவணை முறையில் சிறுகடனாக வழங்கியபோது, விலை ஒப்பீட்டளவில் அதிகமாக இருந்தும் 52 சதவீதக் குடும்பங்கள் வலைகளை வாங்கின. கையில் மொத்தமாகப் பணம் இல்லாததே முன்னர் வாங்காததற்கு முக்கியக் காரணம் என 2014-ஆம் ஆண்டில் வெளியான அந்த ஆய்வு விளக்கியது. அதேவேளையில், வலைகளால் மலேரியா எந்த அளவு குறைந்தது என்பதில் அங்கு கலவையான முடிவுகளே கிடைத்தன. ஊரில் ஒரு பகுதியினர் மட்டும் பாதுகாப்புப் பெறுவதைவிட அனைவரையும் ஒரே நேரத்தில் சென்றடைவதே அரசுத் திட்டங்கள் பின்னர் தேர்ந்தெடுத்த வழியாகும்.

ஒடிசா காட்டிய வழி

2016-ஆம் ஆண்டில் நாட்டின் மலேரியா பாதிப்புகளில் சுமார் 40 சதவீதம் ஒடிசாவில் மட்டுமே பதிவானது. அதன் பின்னர், எளிதில் சென்றடைய முடியாத பகுதிகளுக்கென ‘தாமன்’ என்ற திட்டத்தை அம்மாநில அரசு செயல்படுத்தியது. நோயாளி சுகாதார நிலையத்தைத் தேடி வரும் வரை காத்திராமல், சுகாதாரப் பணியாளர்கள் குக்கிராமங்களில் முகாமிட்டு, காய்ச்சல் இல்லாதவர்கள் உள்பட அனைவரையும் பரிசோதித்தனர். அறிகுறி இல்லாமலேயே கிருமியைச் சுமப்பவர்களுக்கும் சிகிச்சை அளிக்கப்பட்டது. 2017-ஆம் ஆண்டில் மாநிலம் முழுவதும் சுமார் 1.1 கோடி கொசு வலைகள் இலவசமாக வழங்கப்பட்டன.

விளைவு விரைவில் தெரிந்தது. 2017-இல் சுமார் 3.5 லட்சமாக இருந்த பாதிப்புகள் 2018-இல் சுமார் 66 ஆயிரமாகக் குறைந்தன. சத்தீஸ்கர் அரசும் 2020-ஆம் ஆண்டில் பஸ்தர் பகுதியில் வீடு வீடாகப் பரிசோதிக்கும் இயக்கத்தைத் தொடங்கியது. நோய் உறுதி செய்யப்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு எந்த அறிகுறியும் இல்லை என்பது அதன் முதல் கட்டத்தில் தெரியவந்தது.

பொருளாதாரக் கண்ணோட்டத்தில் இத்திட்டங்களின் சிறப்பு ஒன்றுதான். தொலைவின் செலவைக் குடும்பத்தின் தோளிலிருந்து இறக்கி அரசு ஏற்றுக்கொண்டது. பரிசோதனை வாசலுக்கு வரும்போது வண்டிச் செலவும், ஊசிக்குக் கொடுக்கும் பணமும், தாமதத்தால் கூடும் வேலை இழப்பும் ஒருசேரக் குறைகின்றன.

எஞ்சியிருக்கும் இடைவெளி

ஆயுஷ்மான் பாரத் திட்டம் ஏழைக் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்குக் காப்பீடு அளிக்கிறது. ஆனால், பெரும்பாலான மலேரியாக் காய்ச்சல்கள் மருத்துவமனையில் சேராமலேயே கடந்து செல்பவை. புறநோயாளியாகச் செலவிடும் பணமும் இழந்த கூலியும் இக்காப்பீட்டின் வரம்புக்குள் வருவதில்லை. காசநோயாளிகளுக்கு ஊட்டச்சத்துக்காக மாதம் 500 ரூபாய் வழங்கும் திட்டம் 2018-இல் தொடங்கப்பட்டு, 2024 நவம்பர் முதல் அத்தொகை 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மலேரியா நோயாளிகளுக்கு இத்தகைய தேசிய அளவிலான பண உதவி இல்லை.

எண்ணிக்கை குறையும்போது கவனமும் நிதியும் குறைவது பழைய அனுபவம். 1958-இல் தொடங்கிய தேசிய மலேரியா ஒழிப்புத் திட்டத்தின் பயனாக, 1960-களின் நடுவில் ஆண்டுப் பாதிப்பு சுமார் ஒரு லட்சமாகக் குறைந்தது. நோய் ஒழிந்துவிட்டது என்ற எண்ணத்தில் கண்காணிப்பு தளர்ந்தது; கொசுக்களும் கிருமிகளும் மருந்துகளுக்கு எதிர்ப்பாற்றல் பெற்றன. 1976-ஆம் ஆண்டில் பாதிப்பு 64 லட்சத்தைத் தாண்டியது. அண்மையில் 2024-ஆம் ஆண்டிலும் ஒடிசாவில் பாதிப்புகள் மீண்டும் உயர்ந்தன.

உள்நாட்டில் பரவும் மலேரியாவை 2027-க்குள் முற்றிலும் நிறுத்தி, 2030-க்குள் ஒழிப்புச் சான்றிதழ் பெறுவது இந்தியாவின் இலக்கு. எஞ்சியுள்ள பாதிப்புகள் சாலை வசதி குறைந்த, கூலியை நம்பியுள்ள ஊர்களில் குவிந்திருப்பதால், இனிக் கண்டறியப்படும் ஒவ்வொரு நோயாளியையும் சென்றடைய முன்பைவிடக் கூடுதலாகவே செலவாகும். அந்தச் செலவை அரசு ஏற்கத் தவறினால், அதை ஏற்கப்போவது நடவு வாரத்தில் காய்ச்சலோடு படுத்திருக்கும் உழவரின் குடும்பமே. காய்ச்சல் தொடங்கியதற்கும் பரிசோதனை நடந்ததற்கும் இடையே எத்தனை நாள்கள் கழிந்தன என்பதை ஊர்வாரியாகக் கணக்கிட்டால், அக்குடும்பங்கள் எவ்வளவு இழக்கின்றன என்பதும், ஒழிப்புப் பணி எங்கே பின்தங்கியுள்ளது என்பதும் ஒரே நேரத்தில் புலப்படும்.